ஆளில்லா மதுரை

லினேயஸ் டிரைப் 1858-இல் எடுத்த மதுரைப் படங்களில் புது மண்டபத்துத் தூண்கள் உண்டு. திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகள் உண்டு. மனிதர்கள்தாம் ஏறக்குறைய இல்லை. இவற்றைக் காண்போர், அக்காலத்தில் நம் கோயில்கள் கேட்பாரற்றுக் கிடந்தன என்று முடிவுகட்டிவிடுகின்றனர். வெறுமைக்குப் பெருங்காரணம் ஊரன்று, நெகடிவின் வேகம்.

1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த டிரைப், பதின்ம வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். விடுப்பில் தாயகம் சென்றபோது புகைப்படக் கலை அவரைப் பற்றிக்கொண்டது. ஹளேபீடு, பேளூர்ப் படங்கள் பெயர் வாங்கித் தந்தன. 1855-இல் பர்மாத் தூதுக்குழுவுடன் சென்றார். மறு ஆண்டு சென்னை அரசின் புகைப்படக் கலைஞரானார்.

பிறகு மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். ஈரக் கண்ணாடித் தகட்டை உலருமுன் அங்கேயே கழுவியாக வேண்டும். மெழுகூட்டிய காகித நெகடிவையோ முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளலாம், பயணத்துக்கு ஏற்றது. ஆனால் அது ஒளியை வாங்கப் பல நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் நடந்து கடந்தவர் எவரும் படத்தில் தங்கமாட்டார்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சென்று கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமெடுக்கும் எனக்கு இது கைப்பழக்கத்தில் தெரிந்த செய்தி. கடற்கரைக் கோயிலின் முன், நல்ல வெயிலில், 100 வேக ஃபிலிமுக்கு லென்ஸ் துளையை 16-இல் வைத்தால் நொடியில் நூற்றிலொரு பங்கு போதும். 400 வேகமென்றால் அதிலும் கால்பங்கு. அலை உறைந்து நிற்கும். மகிஷாசுரமர்த்தினி குகையின் இருளுக்குள் அதே ஃபிலிம் தடுமாறும். கேமராவை அசையாமல் தாங்கி நொடிகளை எண்ணினால், குறுக்கே வருபவர் புகையாகிவிடுவார். டிரைப்புக்கு வெட்டவெளியும் அக்குகை போன்றதே.

கட்டடங்கள் சிதையுமுன் பதிந்துவைக்க வேண்டும் என்பதே அரசு இட்ட பணி. ஆகவே மக்கள் விடுபட்டதை எவரும் குறையாகக் கருதியிருக்கமாட்டார்கள். அசையாத பொருளிடம் அந்த நிதானம் பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒரே நீள்பட்டையாக ஒட்டவைத்தார். 19 அடிக்கு மேல் நீளும் அப்பட்டை, என் கணிப்பில், அவர் வாழ்நாளின் உச்சம்.

1859-இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், இதை வீண் ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்தச் செய்தார். டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். 1902 வரை வாழ்ந்தும் அதன்பின் அவர் கேமராவைத் தொட்டது அரிது.