கையால் ஒட்டுப்போட்ட கேமரா: மா.கிருஷ்ணனின் ‘சூப்பர் பாண்டரோசா’வும் இன்றைய டிஜிஸ்கோப்பிங்கும்

வேடந்தாங்கலில் நின்று நத்தைக்குத்தி நாரையை போனில் 10 மடங்கு ஜூம் செய்து எடுத்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பறவை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று கரைந்து கிடக்கும். இதற்காகத்தான் இப்போது பலர் டிஜிஸ்கோப்பிங் பக்கம் வருகிறார்கள். ட்ரைபாடில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் நாம் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் முனையில், போனையோ சின்ன கேமராவையோ அடாப்டர் வைத்து மாட்டிப் படம் எடுப்பதுதான் அது. பல லட்சம் ரூபாய்க்கு டெலி லென்ஸ் வாங்க முடியாதவர்களின் வழி என்றும் சொல்லலாம்.

ஒரு கம்பெனியின் லென்ஸை இன்னொரு கம்பெனியின் கேமராவோடு சேர்க்கும் இந்த யோசனை டிஜிட்டல் காலத்தில் பிறந்தது அல்ல. ஃபிலிம் காலத்திலேயே சென்னையில் ஒருவர் அதைத் தன் கையால் செய்து, அதை வைத்தே காட்டு யானைகளையும் பறவைகளையும் எடுத்துத் தள்ளினார். அவர் மா.கிருஷ்ணன். இந்தியாவின் ஆரம்பகால இயற்கை எழுத்தாளர்களில் முக்கியமானவர்.

யார் இவர்?

1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ.மாதவையாதான் அப்பா. எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை கிருஷ்ணன். குடும்பம் மயிலாப்பூரில் குடியேறியது. இன்றைய மயிலாப்பூரை மனதில் வைத்துப் பார்த்தால் நம்ப முடியாது. அப்போது அங்கே புதர்க்காடு இருந்தது, பறவைகள் இருந்தன, நரிகூட உண்டு. சிறுவன் கிருஷ்ணன் கீரி ஒன்றை வளர்த்தார்.

1925-ல், பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழக செனட்டில் பேசிக்கொண்டிருந்தபோதே மாதவையா இறந்துபோனார். கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயது.

மாநிலக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த பேராசிரியர் பி.எஃப்.ஃபைசன், தென்னிந்திய மலைத் தாவரங்களில் பெரிய நிபுணர். அவரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்தார். ஃபைசனின் மனைவியிடம் வாட்டர்கலர் ஓவியம் கற்றுக்கொண்டார். பிறகு எம்.ஏ., சட்டப் படிப்பு எல்லாம் முடித்தார். ஆனால் எதிலும் வேலை செட் ஆகவில்லை. 1937-ல் இந்துமதியுடன் திருமணம்.

1942-ல் இன்றைய கர்நாடகத்தில் இருக்கும் சண்டூர் என்ற சின்ன சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று ஒரே ஆள் பல வேலை பார்த்தார். நேரம் கிடைத்தபோதெல்லாம் காட்டில் சுற்றினார், ஆடு மேய்த்துப் பார்த்தார், தபால் புறா வளர்த்தார். சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. வேலையும் போனது.

சென்னை திரும்பிய கிருஷ்ணன் அதற்கப்புறம் மாதச் சம்பளத்துக்குப் போகவில்லை. எழுத்தும் படமும்தான் வருமானம். கொல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் 1950-ல் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி 1996 வரை, 46 ஆண்டுகள் வந்தது.

‘சூப்பர் பாண்டரோசா’ என்பது என்ன?

ஃப்ரீலான்ஸ் எழுத்தாளரின் வருமானத்தில் வெளிநாட்டு டெலி லென்ஸ் செட் வாங்குவது நடக்கிற காரியமா? கிருஷ்ணன் கிடைத்ததை வைத்துச் சேர்த்தார். கேமராவின் உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறு கம்பெனி, மற்ற பாகங்கள் எங்கெங்கிருந்தோ. எல்லாவற்றையும் தானே பொருத்தினார். அதற்கு அவர் வைத்த பெயர்தான் ‘சூப்பர் பாண்டரோசா’. பெயரைக் கேட்டாலே அதன் கனம் தெரிகிறது.

அதை நேரில் பார்த்தவர்களில் ஒருவர், அசாமில் வாழ்ந்த புகழ்பெற்ற இயற்கையாளர் இ.பி.ஜீ. அந்தக் கருவியைப் பற்றி அவர் கிண்டலும் வியப்புமாக எழுதி வைத்திருக்கிறார். ஷூ லேஸ் கட்டியிருந்ததா என்று அடித்துச் சொல்ல முடியாதாம், ஆனால் எங்கேயோ கம்பி நிச்சயம் இருந்திருக்கும் என்பது அவர் சந்தேகம்.

கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும். இப்படி ஒட்டுப்போடுவது சின்ன வேலை இல்லை. ஒவ்வொரு லென்ஸுக்கும் ஃபிலிமிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. கொஞ்சம் தள்ளிப் பொருத்தினால் கிட்டே இருப்பது ஃபோகஸ் ஆகும், தூரத்துப் பறவை ஆகவே ஆகாது. லென்ஸ் சற்றே சாய்ந்தால் படத்தின் ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் மசமசப்பு. இணைப்பில் இடுக்கு இருந்தால் வெளிச்சம் புகுந்து ஃபிலிமே பாழ். தப்பு நடந்தது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். யானை அதற்குள் போயிருக்கும்.

அவரிடம் அதற்கு ஒரு ஈடு இருந்தது. விலங்கின் போக்கு அவருக்குத் தெரியும். முதுமலை போன்ற காடுகளில் நடந்தும், வளர்ப்பு யானையின் முதுகில் ஏறியும் காட்டு விலங்குகளை நெருங்கி எடுத்தார். லென்ஸில் குறைந்ததைக் கால்கள் சரிக்கட்டின என்றே சொல்லலாம், ஆபத்தும் அதே அளவுக்கு இருந்தது.

கலருக்கு அவர் மாறவே இல்லை, கடைசிவரை கறுப்பு-வெள்ளைதான். பிடிவாதம் மாதிரி தெரியலாம். ஆனால் அந்தக் காலத்துக் கலர் ஃபிலிம்கள் பல, வெளிச்சத்தை மெதுவாகவே வாங்குபவை. மர நிழலில் கனமான டெலி லென்ஸோடு நிற்பவருக்கு வேகமான கறுப்பு-வெள்ளை ஃபிலிம் எவ்வளவோ மேல்.

1968-ல் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகள் பற்றி அவர் செய்த ஆய்வு, 1959 முதல் 1970 வரையிலான காட்டு நிலவரத்தின் பதிவாகப் புத்தகமாகவும் வந்தது. 1996 பிப்ரவரி 18 அன்று சென்னையில் காலமானார்.

3 ஆண்டு கழித்து...

1999-ல் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ, சின்ன டிஜிட்டல் கேமராவை ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் ஐபீஸில் வைத்து எடுத்துப் பார்த்தார். டிஜிஸ்கோப்பிங் பரவியதில் அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

கிருஷ்ணன் செய்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் கேமராவின் லென்ஸுக்குப் பதிலாக வேறு லென்ஸை வைத்தார். டிஜிஸ்கோப்பிங்கில் போனின் லென்ஸ் அப்படியே இருக்கும், அது ஸ்கோப் வழியாகப் பார்க்கும், அவ்வளவுதான். ஆனால் தலைவலி மட்டும் அதேதான்: தூரம், நடுமையம், ஆட்டம்.

அதனால் அடாப்டர் வாங்கும்முன் ஐபீஸின் வெளி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். எல்லா ஸ்கோப்புக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் மாடல்கள் விலை குறைவு, ஆனால் ஒவ்வொரு முறையும் நடுமையத்தைத் தேடவேண்டும். அதற்குள் மீன்கொத்தி பறந்துவிடும். உங்கள் ஸ்கோப்புக்கென்றே வரும் வளையம் இருந்தால் அதுதான் நிம்மதி. போனுக்கும் ஐபீஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மாற்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது சரியில்லை என்றால் படத்தைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழும். தடியான போன் கவரைக் கழற்ற வேண்டியிருக்கும்.

மூன்று நான்கு லென்ஸ் உள்ள போன்களில் இன்னொரு சிக்கல். போன் தானாக வேறு லென்ஸுக்குத் தாவினால் திரையே இருண்டுவிடும். மெயின் கேமராவை லாக் செய்ய முடிகிற போனாகவோ ஆப்பாகவோ இருப்பது நல்லது.

பலரும் ஏமாறுவது ஜூமில்தான். 26 மி.மீ.க்குச் சமமான போன் லென்ஸை 20 மடங்கு ஸ்கோப்பில் வைத்தால் 520 மி.மீ. டெலி லென்ஸுக்குச் சமம். பறவைக்கு இதுவே தாராளம். 65 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கில் வெளியே வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 3.25 மி.மீ. 60 மடங்குக்குத் திருகினால் அது 1.1 மி.மீ. ஆகச் சுருங்கும். படம் இருளும், லேசான காற்றுக்கே ஆடும். விரலால் திரையைத் தொடாமல் டைமரிலோ புளூடூத் பட்டனிலோ எடுப்பது உத்தமம்.

கிருஷ்ணனின் படங்களைப் பார்க்க விரும்புவோருக்கு 2006-ல் வெளியான ‘ஐ இன் த ஜங்கிள்’ தொகுப்பு இருக்கிறது. தமிழில் அவர் எழுதிய கட்டுரைகளை சு.தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் தொகுத்திருக்கிறார்.