பெயரின்றி எடைபோடச் சொன்னவர்

ஒரு மொழி பட்டப்படிப்பில் இடம்பெறுதல் வேறு. அப்படிப்பின் தரத்தைத் தாங்கி நிற்றல் வேறு. இவ்விரண்டுக்காகவும் தம் குறுகிய வாழ்நாளைச் செலவிட்டவர் பரிதிமாற் கலைஞர்.

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870 சூலை 6 அன்று கோவிந்த சிவனார்க்கும் இலட்சுமி அம்மையார்க்கும் மகனாகத் தோன்றினார் சூரியநாராயண சாத்திரியார். தந்தையாரிடம் வடமொழியும், சபாபதி முதலியாரிடம் தமிழும் கற்றார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, 1892-இல் இளங்கலைத் தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் பல்கலைக்கழகத்தில் முதல்வராகத் தேறினார். கல்லூரி முதல்வர் மில்லர் தத்துவ ஆசிரியர் பணியைத் தர முன்வந்தபோது, மதிப்பும் ஊதியமும் குறைந்திருந்த தமிழாசிரியர் பணியையே வேண்டிப் பெற்றார். வகுப்பறைக்கு அப்பாலும் ஆர்வமுடையோரைத் திரட்டி, இயற்றமிழ் மாணவர் எனப் பெயரிட்டு இல்லத்தில் பாடஞ்சொன்னார்.

1902-இல் தமிழைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று நீக்கும் முயற்சி எழுந்தது. மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு இணைந்து, உரியோரைக் கண்டு வாதிட்டார். அம்முயற்சி அன்று தடைப்பட்டது.

வாதத்தோடு அவர் அமையவில்லை. பட்டப்படிப்புக்குரிய பாடமெனில் அதற்கு வரலாறு வேண்டும், இலக்கணம் வேண்டும், புதிய படைப்பும் வேண்டும். நாடகத்துக்கு இலக்கணமாக நாடகவியலை யாத்தார். ரூபாவதி, கலாவதி முதலிய நாடகங்களைப் படைத்தார். தமிழ்மொழியின் வரலாறு என்னும் நூலில் தமிழை உயர்தனிச் செம்மொழியென நிறுவ முற்பட்டார்.

கவிஞர் நிறைந்த நம் வட்டத்தார் கருதத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. ஆங்கிலச் சானெட்டை ஒட்டிப் பதினான்கு அடிகளில் அவர் பாடியவை தனிப்பாசுரத்தொகை ஆயின. தம் பெயரறிந்தோர் முகத்துக்காகப் புகழ்வர் என்றஞ்சி, சூரியன் பரிதியாகவும், நாராயணன் மாலாகவும், சாத்திரி கலைஞராகவும் மாறிய புனைபெயரில் அதனை வெளியிட்டார். போப் அடிகள் அப்பாக்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

பெயர் மறைத்த விடைத்தாள்களை ஆண்டுதோறும் திருத்தும் எனக்கு இந்நிகழ்ச்சி அடிக்கடி நினைவுக்கு வரும். உரைநூற் சுருக்கத்தை மனனம்செய்து ஒப்பித்த விடைக்கும் இரக்கப்பட்டு மதிப்பெண் இட நேர்கையில், அவர்முன் நிற்பதுபோற் கூசுகிறேன். தம் கவிதைக்கே சலுகை வேண்டாதவர் அவர். அவர் காத்துத் தந்த பாடத்தை நாமோ சலுகையால் மெலியச் செய்கிறோம்.

என்புருக்கி நோயுற்று 1903 நவம்பர் 2 அன்று, முப்பத்துமூன்றாம் அகவையில் மறைந்தார். நடுவணரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தது 2004-இல். அவர் கோரிக்கை நிறைவேற ஒரு நூற்றாண்டு கடந்தது.

பத்தாண்டு நிறைவுறும் நம் வட்டத்தில், பாடியவர் பெயரைச் சொல்லாமல் ஒரு கவிதையைப் படித்து மதிப்பிடும் வழக்கத்தை வரும் கூட்டம்முதல் தொடங்குவோமாயின், அதுவே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பு.