சங்கரின் வாழ்வும் ஒரு சவுக்கும்

கேலிச்சித்திரக் கலைஞர் கேசவ சங்கரப் பிள்ளை 1902இல் கேரளத்தின் காயங்குளத்தில் பிறந்தார். 1932இல் இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழில் சேர்ந்தார். 1948இல் சங்கர்ஸ் வீக்லியைத் தொடங்கி, நெருக்கடி நிலை வந்த 1975இல் நிறுத்தினார். குழந்தைகளுக்காக 1957இல் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் பதிப்பகத்தை நிறுவினார். 1989இல் மறைந்தார்.

சிறுவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும் என்போர் உண்டு. நாங்கள் அதை ஏற்கவில்லை.

1949இல் சங்கர் வரைந்த சித்திரம் ஒன்றில், அரசமைப்புச் சட்டம் என்னும் நத்தைமீது சவுக்குடன் அண்ணல் அம்பேத்கர் அமர்ந்திருக்கிறார்; அவருக்குப் பின்னால் நேரு சவுக்கை ஓங்குகிறார். உடல்நலம் குன்றிய நிலையிலும் வரைவுப் பணியின் பெருஞ்சுமையைத் தாங்கியவர் அம்பேத்கர். அந்த உழைப்பு சித்திரத்தில் இல்லை. 11ஆம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்ற அதனை 2012 மே மாதம் மக்களவையில் தொல். திருமாவளவன் கண்டித்தார், நீக்குவதாக ஒன்றிய அரசு அறிவித்தது.

எங்கள் திருச்சியிலோ திருவரங்கத்திலோ வகுப்பறையில் அப்படத்தைக் கண்டு மற்றவர் சிரிக்கையில், தலித் மாணவருக்கு அது வெறும் கேலியாக இராது. சவுக்கடி அவர்தம் முன்னோரின் முதுகு அறிந்தது. சங்கரின் கலையைப் போற்றுவோம். இச்சித்திரத்தையும் மறைக்காது, அதன் பிழையோடு பிள்ளைகளுக்குச் சொல்வோம்.