மாமரத்தின் பெயருக்குப் பின்னால் நிற்கும் ‘எல்’ யார்?

மாமரத்தின் அறிவியல் பெயரைத் தேடிப் பாருங்க. ‘மாஞ்சிஃபெரா இண்டிகா எல்.’ என்று வரும். புளி, தென்னை, பனை என எதைத் தேடினாலும் கடைசியில் அதே ‘எல்’ நிற்கும். பெயர் வைத்தவரின் அடையாளம் அது. அவர் கார்ல் லின்னேயஸ்.

1707-ல் சுவீடனின் ரோஷுல்ட் கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார், தோட்டப் பிரியர். மகனும் பாதிரியாராகணும் என்பது வீட்டின் ஆசை. பையனோ செடிகொடிகளின் பின்னாலேயே சுற்றினார். கடைசியில் மருத்துவம் படித்தார். அன்றைக்கு மருந்து என்றாலே பெரும்பாலும் மூலிகைதான். ஆனால் ஒரே செடிக்கு ஆளுக்கொரு பெயர். லத்தீன் பெயரோ ஒரு வரி நீளம். செடி மாறிப்போனால் மருந்தும் மாறிடும்.

1735-ல் ‘சிஸ்டமா நேச்சுரே’ என்ற மெல்லிய நூலை வெளியிட்டார். மாவட்டம், வட்டம், ஊர், தெரு என்று முகவரி எழுதுவோமே, அதுபோல வகுப்பு, வரிசை, பேரினம், சிற்றினம் என உயிர்களை அடுக்கினார். 1753-ல் தாவரங்களுக்கும், 1758-ல் விலங்குகளுக்கும் இரண்டே சொல்லில் பெயர் வைத்தார். முதல் சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சொந்தக்காரங்க என்பது ‘சொலானம்’ என்ற முதல் சொல்லிலேயே தெரிஞ்சிடும்.

எல்லாம் சரியாக இருந்ததா? இல்லை. முதல் பதிப்பில் திமிங்கலத்தை மீன்களோடு சேர்த்திருந்தார். அது குட்டி போட்டுப் பால் கொடுப்பதை வைத்து, 1758 பதிப்பில் பாலூட்டிகள் பக்கம் மாற்றினார். மனிதனையும் குரங்கையும் ஒரே வரிசையில் வைத்தார். பலருக்குக் கோபம் வந்தும் பின்வாங்கவில்லை.

ஆனால் இன்னொரு தவறு அப்படியே நின்றுவிட்டது. மனிதர்களைக் கண்டம் வாரியாக நான்காகப் பிரித்து, தோல் நிறத்தோடு குணத்தையும் ஒட்டினார். ஐரோப்பியருக்கு நல்ல குணங்கள், ஆப்பிரிக்கருக்குச் சோம்பல் என்று எழுதினார். இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. பின்னால் வந்த இனவெறியர்களுக்கு இது வசதியாகப் போச்சு. திமிங்கலத்தைத் திருத்தியவர் இதைக் கடைசிவரை திருத்தவில்லை.

1778-ல் லின்னேயஸ் காலமானார். பூவின் மகரந்தத் தாள்களை எண்ணி அவர் செய்த தாவரப் பிரிவுகள் இன்று புழக்கத்தில் இல்லை. இரண்டு சொல் பெயர் மட்டும் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. இப்போ டிஎன்ஏ-வைப் பார்த்துத்தான் உறவு சொல்றாங்க. அதன்படி, இன்று வாழும் விலங்குகளில் திமிங்கலத்துக்கும் டால்பினுக்கும் நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? நீர்யானை!