வயநாட்டுக் குழந்தையும் வளைகுடாத் திருக்கையும்

எபிஜெனெடிக்ஸ் என்ற சொல் இப்போது சத்து மாத்திரை விளம்பரங்களில்கூட அடிபடுகிறது. 1942இல் அதை அறிவியலுக்குத் தந்தவர் கொன்ராட் வாடிங்டன். 1905இல் இங்கிலாந்தில் பிறந்த அவரது மழலைப் பருவம் அன்றைய சென்னை மாகாணத்து வயநாட்டில் கழிந்தது. தந்தைக்கு அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை. நான்கு வயதில் பிள்ளையை இங்கிலாந்திலுள்ள உறவினரிடம் அனுப்பிவிட்டு, பெற்றோர் 1928 வரை இந்தியாவிலேயே இருந்தனர். பிள்ளை ஓரிடம், பெற்றோர் ஓரிடம் என்ற வாழ்வை நம்மில் பலர் அறிவோம்.

கேம்பிரிட்ஜில் நிலவியல் படித்தவர், பிறகு கருவளர்ச்சி பற்றிய ஆய்வுக்கு மாறினார். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் கரையோரப் பிரிவில் பணியாற்றிவிட்டு, 1947இல் எடின்பரோவில் விலங்கு மரபியல் பேராசிரியரானார்.

அங்கே அவர் செய்த பழ ஈப் பரிசோதனைதான் இன்றும் பேசப்படுகிறது. கூட்டுப்புழுக்களை நான்கு மணி நேரம் 40 பாகை வெப்பத்தில் வைத்தார். வெளிவந்த ஈக்களில் சிலவற்றின் சிறகில் ஒரு குறுக்கு நரம்பு இல்லை. அவற்றையே பிரித்தெடுத்து இனம்பெருக்கி, ஒவ்வொரு தலைமுறையையும் சூடாக்கினார். பத்துப் பதினைந்து தலைமுறைகள் சென்றபின், சூடே படாத ஈக்களிலும் நரம்பில்லாதவை தோன்றின! பெற்றோர் வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைக்குப் போகும் என்ற பழைய லாமார்க் கொள்கை திரும்பிவிட்டதோ எனச் சக அறிவியலாளர் முகம் சுளித்தனர். அவர் விளக்கம் வேறு. அந்த ஈக்களிடம் ஏற்கனவே ஒளிந்திருந்த மரபு வேறுபாடுகளை வெப்பம் வெளிக்காட்டியது. தெரிவு அவற்றை ஒன்று சேர்த்தது. நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கி, வேறுபாடு வற்றிப்போன ஈக்களில் இந்த வித்தை பலிக்கவில்லை.

அருகிவரும் விலங்குகளைக் காப்போர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது எமது கருத்து.

கனடாவின் சென்ற் லோரன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியில் ஒருவகைத் திருக்கை மீன் தனித்து வாழ்கிறது. வெளியே குளிர்ந்த கடலிலுள்ள அதன் உறவுகளைவிட உடல் ஏறத்தாழ 45 விழுக்காடு சிறியது. 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி இம்மாற்றம் சுமார் 7000 ஆண்டுகளில் நிகழ்ந்தது. இரு கூட்டத்துக்கும் மரபணு எழுத்தில் வேறுபாடு குறைவு; எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வேறுபாடு அதிகம். ஆய்வாளர்கள் இதை எபிஜெனெடிக் மாற்றம் என்கின்றனர்.

நல்ல செய்திதான். ஆனால் இதைக் காட்டி, சிறிய கூட்டங்கள் தாமாகவே சமாளித்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. வெதுவெதுப்பான நீருக்குப் பழகிய அதே திருக்கை, மீன்பிடி வலைகளில் சிக்கி இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. வலைக்குத் தப்ப எந்த மரபணுவை அணைப்பது?

மரபணுமீது ஒட்டும் மீதைல் என்ற வேதிக்குறி செல் பிரியும்போதும் கூடவே கடத்தப்படலாம் என்ற கருத்து 1975இல் முன்வைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் வாடிங்டன் எடின்பரோவில் காலமானார்.