ஒற்றைக் கண் வைத்தியர் தேடிய கட்டி

சிறுநீரக மாற்று சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் கழுத்திலோ அக்குளிலோ கட்டி தென்பட்டால், இன்று வைத்தியர்கள் ஒரு வைரஸையும் சந்தேகிக்கிறார்கள். அந்த வைரஸைக் கண்டறிய வழிவகுத்தவர், உகண்டாவில் பணியாற்றிய சத்திரசிகிச்சை நிபுணர் டெனிஸ் பேர்கிற்.

1911ஆம் ஆண்டு அயர்லாந்தின் எனிஸ்கில்லன் நகரில் பிறந்த அவர், 11 வயதில் விபத்தொன்றில் ஒரு கண்ணை இழந்தார். டப்ளினில் பொறியியல் படிக்கத் தொடங்கி, பின்னர் மருத்துவத்துக்கு மாறினார். இரண்டாம் உலகப் போரில் இராணுவ வைத்தியராகக் கடமையாற்றியபின் 1946இல் உகண்டா சென்றார்.

1957இல் கம்பாலாவின் முலாகோ வைத்தியசாலையில், தாடையின் இருபுறமும் வீங்கியிருந்த சிறுவன் ஒருவனைப் பார்த்தார். சில வாரங்களின் பின் ஜின்ஜா நகரில் அதே வீக்கத்துடன் ஒரு சிறுமி. அவளுடைய வயிற்றிலும் கட்டிகள் இருந்தன. இரண்டும் ஒரே நோய்தான் என்ற எண்ணம் அவரை விடவில்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டினார். ஆபிரிக்க வைத்தியசாலைகளுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார். 1961இல் பழைய வாகனமொன்றில் நண்பர்கள் இருவருடன் சுமார் 10,000 மைல்கள் பயணித்து, நோய் எங்கெங்கே இருக்கிறது என்று நேரில் விசாரித்தார்.

அதே ஆண்டு மார்ச்சில் லண்டனில் அவர் ஆற்றிய உரையை அந்தனி எப்ஸ்டைன் கேட்டிருந்தார். அதன்பின் கட்டியின் துண்டுகள் கம்பாலாவிலிருந்து விமானத்தில் லண்டனுக்குப் போயின. 1964இல் எப்ஸ்டைன், ஈவோன் பார், பேர்ட் அச்சோங் ஆகியோர் அக்கட்டியின் கலங்களில் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டதாக அறிவித்தனர். அதுவே எப்ஸ்டைன்-பார் வைரஸ். பேர்கிற் 1993இல் காலமானார்.

வளர்ந்தவர்களில் பெரும்பாலானோரின் உடலில் இந்த வைரஸ் அடங்கிக் கிடக்கிறது. அதை அடக்கி வைப்பது நோய் எதிர்ப்புச் சக்தி. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காதிருக்கக் கொடுக்கப்படும் மருந்துகள் அந்தச் சக்தியைத் தளர்த்துகின்றன. அப்போது வைரஸ் தொற்றிய கலங்கள் பெருகி, சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோயாகின்றன. முன்னர் இத்தொற்று ஏற்படாத பிள்ளை, வைரஸ் உள்ளவரின் சிறுநீரகத்தைப் பெற்றால் ஆபத்து அதிகம்.

பெரும்பாலும் அந்த மருந்துகளைக் குறைப்பதே சிகிச்சையின் முதற்படி. ஆனால் அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். நோயாளி தானாக நிறுத்தினால் சிறுநீரகமே பறிபோகலாம். விடாத காய்ச்சல், புதிய கட்டி, காரணம் தெரியாத மெலிவு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.