நிலத்தை முதலில் மீட்ட அம்மையார்

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தவர் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நாம் ஒரே வரியில் போற்றிவிடுகிறோம். அதற்கு அவர் வகுத்த வழியை ஊன்றி நோக்குவார் சிலரே.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அம்மையாரின் தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபினர். கோயிலுக்கென நேர்ந்துவிடப்பட்ட சிறுமியர் செல்வந்தரின் இச்சைக்கு இரையானதை, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற அம்மையார் நன்கு அறிவார். 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானார். அவ்வாண்டே அவ்வழக்கத்தைத் தடுக்கக் கோரும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். பழமை போற்றுவோர் எதிர்த்தனர். தேவதாசியருள்ளும் ஒரு சாரார் எதிர்த்தனர். அவர்தம் அச்சத்தில் நியாயமும் இருந்ததென்றே நாம் கருதுகிறோம். கோயில் மானிய நிலம் தொண்டுக்கு ஈடாக வழங்கப்பட்டது. தொண்டை விட்டால் நிலமும் போகும், பிழைப்பும் போகும். ஆகவே அம்மையார் முதலில் நிலத்தையே பற்றினார். அவர்தம் முயற்சியால் 1929இல் இந்து சமய அறநிலையச் சட்டம் திருத்தப்பெற்றது. தொண்டினின்று விலகினும் நிலம் அப்பெண்டிர்க்கே உரியதாயிற்று.

பொட்டுக்கட்டுதலைக் குற்றமாக்கும் மசோதாவோ அன்று நிறைவேறவில்லை. 1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அம்மையார் பதவி துறந்தார். அடைக்கலம் நாடி வந்த சிறுமியர்க்குத் தம் இல்லத்திலேயே இடமளித்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்தது. தடைச் சட்டம் 1947இல், ஓமந்தூரார் ஆட்சியில்தான் வந்தது. அந்தப் பதினேழு ஆண்டுகளில் எத்தனை சிறுமியர் கழுத்தில் பொட்டு ஏறியதோ!